செமிசியின் படகில் எழுதிய எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படகிலிருந்து கிடைத்தது. எங்கள் தீவின் நுகுஅலோஃபா துறைக்கு மீன் வாங்கப் போனபோது, செமிசியின் படகில் 739391 என்று பெரிதாக எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? கலோலைன் டீச்சரைக் கேளு" என்றான் செமிசி.

கேட்டேன். அன்று மீன் வாங்க மறந்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக' (வேண்டாம். இந்தக் கதையில் கடலுக்கு வேலையில்லை.)

2

கலோலைன் கணக்கு ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவள், தனியாக இருப்பவள். அவளுக்குப் பிடித்த எண் 73939133. அது பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் பகா எண். இப்படியே வெட்டிக்கொண்டு போனால் ஏழில் வந்து நிற்கும். வழியில் ஒன்றுகூடப் பிசகாது. இந்த வகையில் இதுதான் மிகப் பெரியது. இதன் வலப்பக்கம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் பகா எண் ஆகாது.

(நான் சரிபார்த்தேன். 739 வரைக்கும். மிச்சத்துக்குக் கலோலைன் பொறுப்பு.)

செமிசி மனைவியை இழந்தவன். கலோலைனும் பாடுகிற தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல். ஒருநாள் பயிற்சி முடிந்ததும், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்டான்.

"நான் அந்த நம்பர் மாதிரி, செமிசி. இதுக்கு மேல ஒண்ணும் ஒட்டாது."

'செமிசி கோபத்தில் கதவை அறைந்து' (இந்த வரியை அடித்துவிட்டேன். அவர்கள் பாடிப் பழகும் கூடத்துக்குக் கதவே கிடையாது. அவனுக்குக் கோபமும் வராது.)

"எந்த நம்பர்? மெதுவா சொல்லு" என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

3

சனிக்கிழமை மாலை படகில் எழுத ஆரம்பித்தான். ஆறாவது இலக்கத்தோடு பெயின்ட் தீர்ந்துபோனது. கடை மூடியாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு, எங்கள் ஊரில் அன்று யாரும் வேலையில் கைவைக்க மாட்டார்கள்.

ஆராதனைக்குப் போன ஊரே அதைப் பார்த்தது.

"என்ன செமிசி, போன் நம்பரா?"

"கூப்பிட்டா மீன் எடுக்குமா?"

ஆராதனைக்குப் போகும் எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு செமிசி வியர்த்துப்போய் நின்றான். கலோலைன் வந்தாள். படித்தாள்.

"இன்னும் ரெண்டு பாக்கி, டீச்சர். பெயின்ட் தீந்துபோச்சு. நாளைக்கு முடிச்சிடுறேன்."

தொப்பி நழுவும்படி சிரித்தாள்.

"முடிக்காத. முழுசா எழுதிட்டா பக்கத்துல எதையும் சேக்க முடியாது. இதுன்னா சேக்கலாம்."

"அப்போ... சரின்னு சொல்றியா?"

மணி அடித்தது.

"பாட்டுக்கு நேரமாச்சு, வா."

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கல்யாணம். மற்றதில் இருவரும் கடைசிவரை பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று பாடுகிறார்கள். இரண்டையும் கலோலைன் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்; செமிசி, நாங்கள் சமைக்காமல் ஊறவைத்தே சாப்பிடும் பச்சை மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தான்.

"எது நடந்தது?" என்றேன்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றான் செமிசி.

"நீ பேசாம பிழி" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "கதையைக் கீழ வச்சிட்டுத் தட்டை எடு."

வைத்துவிட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மீன் ஊறிவிட்டது, எனக்குப் பசிக்கிறது.