ஒரு ‘ஆ’ போட்டால் போதும்

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடுகிறதே சிவப்புப் பட்டை, அதற்கு வாசகம் எழுதுவது என் வேலை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதற்குத்தான் சம்பளம்.

எங்கள் தொழிலில் ‘ஆ’ என்று ஓர் எழுத்து உண்டு. எந்த வதந்தியின் வாலிலும் அதை ஒட்டிக் கேள்விக்குறி வைத்துவிட்டால் வழக்கு வராது. “நாம எங்கய்யா சொன்னோம்? கேட்டோம், அவ்வளவுதானே!” என்பார் ஆசிரியர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சரவெடி.

என் முதல் ரசிகை அக்கா. பட்டையில் எது ஓடினாலும், “என் தம்பி எழுதினது” என்று அத்தானைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அத்தான் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். “மச்சான், என்னைவிட நீ நல்லா கூவுறே!” என்று சிரிப்பார்.

அன்று காலை ஒரு செய்தி வந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டுவிட்டுப் படுத்த ஒருவர் எழுந்திருக்கவில்லை. வயது எண்பத்தொன்பது. வயதை விட்டுவிட்டு எழுதினேன்: ‘உயிரைக் குடிக்கிறதா ரத்தக்கொதிப்பு மாத்திரை?’ சரவெடி முதுகில் தட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அத்தானும் பத்து வருடமாக அதைத்தான் போடுகிறார் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு டாக்டர் அம்மா போன் செய்தார். “ஜனங்க மாத்திரையை நிறுத்திட்டாங்க சார். நிறுத்தக்கூடாதுன்னு ஒரு வரி போடுங்க, புண்ணியமாப் போகும்.”

சரவெடியிடம் சொன்னேன். “போட்டுட்டாப் போச்சு. ‘உண்மையை மறைக்கிறார்களா மருத்துவர்கள்?’”

அதையும் தட்டச்சு செய்தவன் நான்தான்.

மறுநாள் மதியம் அக்கா கூப்பிட்டாள். “அத்தான் குளியலறையில விழுந்துட்டாருடா. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதுகூட ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது.

“எத்தனை நாளா மாத்திரை போடல?” என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு நாள்.”

“ஏம்மா?”

அக்கா என்னைக் காட்டினாள். “இவன் சொன்னானே.”

“சொல்லலக்கா. கேள்வியாத்தான்...”

“நீ எழுதினா எனக்கு அதுல கேள்வி ஏதுடா? அவருகூடச் சொன்னாரு, மச்சானை ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னு. எழுதினவனையே எதுக்குக் கேக்கணும்னு நான்தான் டப்பாவோட குப்பையில போட்டேன்.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று இன்னும் நம்பிக்கையோடு பார்த்தாள்.

உள்ளே விட்டார்கள். அத்தானுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வலது கை துணிபோலக் கிடந்தது. இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மச்சான் என்று கூப்பிடத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“ஆ...” என்றார்.

“மெதுவாச் சொல்லுங்க அத்தான்.”

கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றார். சந்தை முழுக்கக் கேட்ட குரல் அது.

“ஆ... ஆ...”

அந்த ஓர் எழுத்தைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை.