சீனு பதினோரு தடவை

எங்கள் கேப் டிரைவர் அண்ணாவுக்கு இந்தக் கால ராப் ஆகவே ஆகாது. எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேரும்வரை அந்தப் புலம்பலைக் கேட்பது என் தலையெழுத்து.

"மேட்டரே இல்ல மேடம். அவனவன் பேரை அவனே கத்துறான். எங்க நீலசந்திரா தெருவுல நாங்க ராப் பாடுனப்போ ஏரியா பிரச்சனை பூரா அதுல இருக்கும்."

மேம்பாலம் ஏறியதும் தன் பழைய பாட்டைப் போட்டார். பாலம் இறங்குவதற்குள் 'சீனு' பதினோரு தடவை வந்தது. தண்ணி லாரி ஒரு தடவை வந்தது. அதையும் சீனுதான் ஓட்டினான்.

"இதுலயும் உங்க பேர்தானே அண்ணா?"

"அப்போ என் பேர் யாருக்கும் தெரியாதே மேடம்."

எட்டு மாதமாக அவர் வண்டியில் போகிறேன். எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.