லில்லிப் பாத்தியில் ஒரு பள்ளம்

கடிகாரம் பழுதுபார்க்கும் அந்தப் பெரியவர், லில்லிகள் பூக்கும் காலத்தில் ஒரு வழக்கத்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, வலக்கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொள்வார். பல்சக்கரங்களை எடுக்கும் நுனி கூர்ந்த சாமணத்தையும் ஒரு தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போவார். அன்று புதிதாக விரிந்த ஒவ்வொரு பூவின் முன்பும் குனிந்து, அதன் நடுவில் நீண்டிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும், அவை வெடித்துப் பொடி உதிர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கிள்ளி டப்பாவுக்குள் போட்டு மூடுவார். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று உதடுகள் எண்ணிக்கொண்டே போகும். எண்ணிக்கை ஆறின் மடங்காக முடியாவிட்டால் மறுபடியும் முதல் செடிக்குத் திரும்புவார்.

"துருப்பிடிச்ச நிறத்துல ஒரு பொடி. துணியில பட்டா ஜென்மத்துக்கும் போகாது," என்று கேட்பவர்களிடம் காரணம் சொல்வார். பொய்யில்லை. ஆனால் அவர் கிள்ளியதற்குக் காரணம் அது இல்லை.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மணல் கலந்து மேடாக்கிய ஒரே பாத்தி. அதில் பத்தொன்பது லில்லிச் செடிகள். ஒவ்வொரு கிழங்கையும் அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில், நீர் தேங்காதபடி புதைத்திருந்தார். தண்டுக்கு வெயில் படவேண்டும், கிழங்குக்கு வெயில் படக்கூடாது என்பதால், தரையில் உலர்ந்த இலைகளை மெத்தைபோலப் பரப்பியிருந்தார். அந்த இலை மெத்தையில்தான் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.

வட்டமான பள்ளம், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. மாலையில் இலைகளை அள்ளிப் போட்டுச் சமன் செய்வார். காலையில் அதே இடத்தில், மூன்றாவது செடிக்கும் நான்காவது செடிக்கும் நடுவில், யாரோ சுருண்டு படுத்து எழுந்துபோனதுபோல் பள்ளம் இருக்கும். கையை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். சுற்றிலும் பனி ஈரம் இருக்க, அந்த ஒரு வட்டம் மட்டும் உலர்ந்திருக்கும்.

பள்ளம் மட்டுமாக இருந்திருந்தால் எலி, பெருச்சாளி என்று ஏதாவது பெயர் சொல்லி மனத்தை ஆற்றியிருப்பார். தோட்டத்தைப் பார்த்த ஜன்னலடியில் அவருடைய வேலை மேசை இருந்தது. கழற்றிய கடிகாரப் பாகங்களை வரிசையாக வைப்பதற்காக அதன் மேல் வெள்ளைத் தாள் விரித்திருப்பார். பூக்கும் காலம் வந்துவிட்டால் அந்தத் தாளில், துருவின் நிறத்தில், நான்கு காலடிகள் விழும். பூனையின் காலடிகள். ஒரு திருகாணிகூட இடம் பெயர்ந்திருக்காது. தாளை மாற்றுவார், மூன்று நான்கு நாளில் மறுபடி விழும். பாத்தியில் ஒரு துளி மகரந்தம் இல்லாதபடி அவரே கிள்ளி எடுத்த பிறகும், ஜன்னல் கொக்கி மாட்டியிருந்த பிறகும் விழும்.

அது யாருடைய காலடி என்பது அவருக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரிடம் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. நெஞ்சில் வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி. அதனால் அதன் பெயர் பொத்தான். வீட்டில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் பிடிக்காமல், பகலெல்லாம் குட்டைச் சுவரைத் தாண்டி வந்து, கடிகாரக்காரரின் லில்லிகளுக்கு அடியில்தான் தூங்கும். கனமான உடம்பு, இலையில் வட்டமாகப் பள்ளம் விழும்.

தையல்காரம்மாவோடு அவருடைய தம்பியும் இருந்தார். பெயிண்டர். அக்காவின் வீட்டு வெளிச்சுவருக்கு வான நீலம் அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. துணிகளை எலி கடிக்கிறது என்று அக்கா புலம்பியதால், சாமான் அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் எலி மருந்து வைத்திருந்தார். அந்த வாரத்தில் பொத்தான் சாப்பாட்டைத் தொடவில்லை; தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது, ஏதோ விஷம் சாப்பிட்டிருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அன்று குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கடிகாரக்காரர் எல்லாவற்றையும் கேட்டார்.

"நீ வெச்ச மருந்துதான்டா! வேற என்ன?"

"அக்கா, பெட்டிக்குள்ளதானே வெச்சேன். மூடித்தான் வெச்சேன்..."

"மூடின லட்சணம் தெரியுதே! குழந்தை மாதிரி வளர்த்தேன். இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், போ!"

தம்பி அன்று மாலையே வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவர் பாதி நீலமும் பாதி சுண்ணாம்புமாக நின்றது.

கடிகாரக்காரரின் மேசை இழுப்பறையில், பழைய கடிகார முட்களுக்கு அடியில், உள்ளங்கை அளவில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. லில்லிக் கிழங்குகளோடு பெட்டியில் வந்தது. நடும் முறை, நீர் ஊற்றும் முறை எல்லாம் எழுதி, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தச் செடியின் எந்தப் பகுதியும், மகரந்தம் உட்பட, பூனைக்குக் கொடிய விஷம். பொடி எழுத்துகளைப் படிப்பதே தொழிலாகக் கொண்ட மனிதர் அவர். பொத்தான் சாவதற்கு இரண்டு மாதம் முன்பே அதை லென்ஸ் வைத்துப் படித்திருந்தார். 'நம்ம வீட்டுல பூனை இல்லையே' என்று நினைத்து இழுப்பறையில் போட்டுவிட்டார். அவ்வளவுதான் அன்று அவர் செய்த தவறு. அதன்பின் செய்தது தவறு இல்லை, குற்றம்: சுவருக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு நின்றது.

வாலில் தைத்த முள்ளை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்ட நரியைப் பற்றி ஒரு கதை சொல்லலாம். உட்கார்ந்த கோலத்தில் நரி பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. முள் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பொத்தானைத் தையல்காரம்மா தன் கையால் தைத்த வெள்ளைத் துணிப்பையில் சுற்றி, தம் பக்கத்துச் சுவரோரம் புதைத்தார். மறுநாள் கண் வீங்கி வந்து நின்றார்.

"அண்ணா, அவன் எப்பவும் உங்க பூவுக்கு அடியிலதான் படுத்துக் கிடப்பான். ஒரு கிழங்கு குடுங்க. அவன் மேலயே நட்டு வெக்கறேன்."

கொடுக்காமல் இருக்கக் காரணம் சொல்லவேண்டும்; காரணம் சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். கடிகாரக்காரர் பாத்தியைத் தோண்டி, இருந்ததிலேயே பெரிய கிழங்கை எடுத்து, கொன்ற பூவையே கல்லறைக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அது பூத்தது. அந்த ஆண்டிலிருந்துதான் பள்ளமும் விழத் தொடங்கியது.

இப்படியாக மூன்றாவது பருவம். ஒரு நாள் காலையில் அவர் பதினெட்டு வரை எண்ணியிருந்தார். சுவருக்கு மேல் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது.

"அண்ணா, இங்க பாருங்க யாரு வந்திருக்காங்கன்னு!"

அவர் கையில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி. வால் நுனி வளைந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் மழைக்கு நம்ம வாசல்ல வந்து ஒதுங்கிச்சு. வாலைப் பாருங்க. கொக்கின்னு பேரு வெச்சுட்டேன்."

"பொத்தான் போச்சு, கொக்கி வந்துச்சா? அடுத்தது ஜிப்பா?" என்றார் கடிகாரக்காரர். சிரிப்பும் வந்தது.

"கிண்டலைப் பாரு! நீங்க மட்டும் பூவுக்கு நகம் வெட்டிக்கிட்டு இருக்கலாமா?" என்று தையல்காரம்மா குட்டியைச் சுவர்மேல் வைத்தார். "விடிஞ்சதுமே ஊர் சுத்தப் போயிட்டான். மூஞ்சியப் பாருங்க, செங்கல் பொடிக்குள்ள விட்ட மாதிரி."

கடிகாரக்காரரின் கண்ணில் லென்ஸ் இன்னும் இருந்தது. குட்டியின் மூக்கிலும் ஒரு முன்னங்காலிலும் துரு நிறப் பொடி, துகள் துகளாகத் தெரிந்தது. கல்லறைப் பூ மகரந்தத்தோடு விரிந்து நின்றது. சுவர் தாண்டிப் போனால் காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்பதால் அந்த ஒரு பூவை மட்டும் அவர் கிள்ளியதே இல்லை.

'சும்மா பூப்பொடிதான்மா, ஈரத்துணியால துடைச்சிடுங்க.' சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. துடைத்துவிட்டால் பிழைத்தாலும் பிழைக்கும். பிறகு யாருக்கும் தெரியாமல் அந்தச் செடியை அழுகச் செய்துவிடலாம்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், பாத்தியிலிருந்து, ஒரு சத்தம் கேட்டது. சாவி கொடுக்கும்போது பழைய சுவர்க்கடிகாரத்தின் சுருள்வில் எழுப்புவது போன்ற மெல்லிய உறுமல். பூனை உறங்கும்போது நெஞ்சில் எழும் சத்தம். குட்டி காதை நிமிர்த்தி அவரைத் தாண்டிப் பார்த்தது. அவர் திரும்பினார். யாரும் இல்லை. இலை மெத்தையில் பள்ளம் மட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் ஒரு விரற்கடை ஆழமாகியது.

"நக்க விடாதீங்க!" என்று கத்தினார் கடிகாரக்காரர். "காலைப் பிடிங்க! அது விஷம்மா, பூனைக்கு விஷம்! ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே!"

ஓடி உள்ளே போனார். துண்டை எடுத்தார், இழுப்பறையைத் திறந்து அந்தச் சீட்டையும் எடுத்தார்.

கால்நடை மருத்துவமனையில், மருத்துவர் குட்டியைக் குளிப்பாட்டச் சொல்லி, காலில் முடியை மழித்து ஊசி வழியே மருந்து ஏற்றினார்.

"சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க. இதே நாளைக்குன்னா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. லில்லி பூனைக்கு ஆகாதுன்னு நிறைய பேருக்குத் தெரியாதே. உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

கடிகாரக்காரர் சீட்டைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். அவர் ஊசியில் நூல் கோப்பதுபோல் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"இது எப்ப வந்தது?"

"கிழங்கோட வந்தது."

"பொத்தான் இருந்தப்பவா?"

"இருந்தப்பதான்மா. படிச்சிருந்தேன். உங்க தம்பியைத் திட்டினப்ப சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன். சொல்லலை."

தையல்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்து சீட்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மூணு வருஷமா என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கலை என் தம்பி," என்றார் கடைசியில். "நானும் கூப்பிடலை. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? போய் அவன்கிட்ட சொல்லுங்க."

இரண்டு தெரு தள்ளி, ஒரு கிடங்கின் இரும்புக் கதவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார் தம்பி.

"யாரு, கடிகாரமா? நேரம் பார்க்கத் தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டீங்களா?"

"நேரம் தப்பித்தான் வந்திருக்கேன் தம்பி. மூணு வருஷம் லேட்டு."

முழுவதையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. தம்பி திரும்பாமல் கேட்டுக்கொண்டே பிரஷ்ஷை ஓட்டினார். சாயம் தீர்ந்து வெறும் மயிர் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. அப்போதும் கை நிற்கவில்லை.

"தினம் அந்தப் பெட்டியை மனசுக்குள்ள மூடிப் பார்ப்பேன்," என்றார். "ஒரு நாள் சரியா மூடின மாதிரி இருக்கும். மறுநாள் விரல் நுழையற அளவு திறந்திருந்த மாதிரி இருக்கும். நான்தான் கொன்னேன்னு நானே முடிவு பண்ணிட்டேன், சார்."

கடிகாரக்காரர் சாய டப்பாவை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

"அக்கா என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. சுவர் இன்னும் பாதியாத்தான் நிக்குது."

"மூணு வருஷம் வெயில் தின்ன நீலம்," என்று தம்பி பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். "இனிமே அதுக்குச் சேர்ந்தாப்ல கலக்க முடியாது. சுரண்டிட்டு முதல்லேருந்து அடிக்கணும்."

நான்காம் நாள் கொக்கி வீடு திரும்பியது. அதற்குள் கடிகாரக்காரர் தம் பாத்தியின் பத்தொன்பது கிழங்குகளையும் தோண்டி எடுத்து, தண்டோடும் பூவோடும் எரித்துவிட்டார். பாக்கி இருந்தது கல்லறைச் செடி. அதை அவர் மண்வெட்டியால் தொடவில்லை. லில்லிக் கிழங்கு வெங்காயத்தைப்போல் தோல் மூடி இறுகியிருப்பதில்லை. செதில் செதிலாக அடுக்கிய உருண்டை அது. ஒரு செதில் உடைந்து மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து புதுக் கிழங்கு பிறக்கும். அதுவும் வேர்கள் ஆண்டுக்காண்டு கிழங்கைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தன.

தையல்காரம்மாவின் முற்றத்தில் மண்டியிட்டு, கையாலேயே தோண்டினார். கிழங்கு வந்தது. பிறகு மண்ணைச் சல்லடையில் சலித்து, தம் வெள்ளைத் தாளின் மேல் பரப்பி, லென்ஸ் வைத்துச் சாமணத்தால் செதில்களைப் பொறுக்கினார். ஏணிமேல் தம்பி பழைய நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கடிகாரம், என் ஏணிக்காலுக்குக் கீழ தோண்டிடாதீங்க. அப்புறம் அக்கா இன்னும் ரெண்டு கல்லறை பார்க்கணும்!"

"வாயைக் கழுவுடா," என்றார் அக்கா, உள்ளிருந்து. குட்டி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஏணியின் கீழ்ப்படியில், தம்பி தண்ணீர் குடித்த டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது.

ஐந்தாவது சல்லடையில் சாமணத்தின் நுனியில் செதில் அல்லாத ஒன்று தட்டுப்பட்டது. நாலு துளையோடு ஒரு சின்னப் பொத்தான். மட்கிப்போன துணிப்பையின் வாய்க்குத் தைத்தது. கடிகாரம் துடைக்கும் மென்மையான தூரிகையால் அவர் அதைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தையல்காரம்மா வாசற்படியில் நின்று பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை.

"அவனுதுதானே. அங்கயே வெச்சிடுங்க."

கடிகாரக்காரர் கையைக் குழிக்குள் முழங்கை வரை விட்டு அதை வைத்தார். மண் அங்கே இளஞ்சூடாக இருந்தது. சிறிது நேரம் கையை எடுக்காமல் இருந்தார்.

"இன்னும் இருக்குமாண்ணா?"

"இருக்கும்மா. அரிசி மணி அளவுல உடைஞ்சிருக்கு. எல்லா மண்ணையும் பார்த்துத்தான் ஆகணும்."

தையல்காரம்மா உள்ளே போய், மாவு சலிக்கும் தம்முடைய நுண்ணிய சல்லடையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அவர் லென்ஸைத் துடைத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு, அடுத்த பிடி மண்ணை அள்ளினார்.