ஓடாத நாளுக்குப் பால்

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை முனையில் எங்கள் கம்பெனிப் பேருந்து தினமும் காலை ஏழு இருபத்தைந்துக்கு நின்று பதினொரு பேரை ஏற்றிக்கொள்ளும். அந்தத் திங்கட்கிழமை பேருந்து நின்றது, கதவு திறக்கவில்லை. ஓட்டுநர் திருமலை சன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினார். போக்குவரத்துப் பிரிவின் அறிவிப்பு. இந்த நிறுத்தத்தில் ஒரு நாய் நாள்தோறும் பேருந்தைத் துரத்துவதால் விபத்து நேரக்கூடும். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் நிறுத்தம் ரத்து செய்யப்படும். அனைவரும் இரண்டு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் ஏறிக்கொள்ள வேண்டும்.

"உங்க வூட்டுக்காரம்மா நாயிதான?" என்று என்னைக் கேட்டார் திருமலை. "முன் டயருக்கு நேரா வந்து நிக்குது. இடிச்சா பாவம் எம்மேல. இடிக்காம ஒடிச்சா முப்பது பேரும் ஏரியில. நீயே சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தார், ஏறினோம். நாயும் வழக்கம்போல் வளைவுவரை ஓடி வந்தது.

நாயின் பெயர் செவலை. எங்கள் வீட்டுக்காரம்மா பாப்பம்மாளுடையது. அவருக்கு இரண்டு பசுக்களும், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஐந்து வீடுகளும், ரகுபதி என்ற மகனும் உண்டு. மூன்றாவது வீட்டில் நான் இருக்கிறேன். மாலையில் தாளைக் காட்டியதும் ரகுபதி இரண்டு முறை படித்தார்.

"ஸ்டாப் போச்சுன்னா அஞ்சு வூடும் காலியாவும்மா. சனிக்கெயம வரிக்கும் பாப்பேன். அப்பால குட்டியானை வண்டியில ஏத்தி மணிமங்கலத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன்."

மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த பாப்பம்மாளின் கை நின்றது. பிறகு என்னைப் பார்த்து, "பேச்சிராஜு, நீ தான் எல்லாருக்கும் எயுதிக் குடுப்பியே, இதுக்கும் ஒண்ணு எயுதேன்" என்றார்.

லீவு விண்ணப்பம், ரேஷன் கார்டு முகவரி மாற்றம், மின்வாரியத்துக்கு மனு என்று எங்கள் வரிசையில் எல்லோருக்கும் நான்தான் எழுதுவேன். ஆனால் கடிதம் எழுத விவரம் வேண்டும். செவலையைப் பற்றி எனக்குத் தெரிந்த விவரம், அது வாசலில் படுத்திருக்கும் என்பது ஒன்றுதான்.

ஆகவே செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஏழு மணிக்கே நோட்டுடன் முனையில் நின்றேன். டிப்பர் லாரி ஏழு: துரத்தவில்லை. பள்ளி வேன் இரண்டு: துரத்தவில்லை. ஷேர் ஆட்டோ நான்கு: துரத்தவில்லை. வேறு கம்பெனிகளின் பேருந்து மூன்று, அதில் ஒன்று எங்களுடையதைப் போலவே வெள்ளை நிறம்: படுத்தபடி பார்த்தது. எங்கள் பேருந்து: துரத்தியது. இரண்டு நாளும் ஒரே கணக்கு. உலகத்தில் செவலைக்குப் பிடிக்காத வண்டி ஒன்றே ஒன்றுதான், அல்லது பிடித்த வண்டி ஒன்றே ஒன்றுதான்.

நான் எப்போதும் வலப்பக்கம் உட்கார்ந்து ஒரகடம்வரை தூங்குகிறவன். வியாழக்கிழமை இடப்பக்கம், இரண்டாவது வரிசையில் விழித்திருந்தேன். பேருந்து நகர்ந்தது. எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு வளையல் கை வெளியே போய் ஒரு பிஸ்கட்டைப் போட்டது. பத்தடி தள்ளி இன்னொன்று. வளைவு வருவதற்குள் ஆறு. கேன்டீனில் டீயோடு தரும் பிஸ்கட்தான்.

கைக்குரியவள் சந்திரலேகா. அசெம்பிளி லைனில் வேலை, ஊர் சாத்தூர்ப் பக்கம், முனைக்கு எதிரே ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"எத்தன நாளா தாயி இது?"

"எதுண்ணே?"

"பிஸ்கட்டு."

"ஆடி மாசத்துலருந்து." கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டாள். "நாயின்னா எனக்குச் சின்னதுலருந்தே நடுக்கம்ணே. இது பஸ் ஏறயில எங்கால மோந்து பாக்கும். ஒருநா பயத்துல உள்ள இருந்துகிட்டு ஒண்ண வெளிய போட்டேன். மறுநா ஓடியாந்துச்சு. போடாம விட்டா வஞ்சம் வச்சு மறுநா கடிச்சிராதா?"

அவள் சொன்னதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. செவலைக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு, மதியம் ஸ்ரீபெரும்புதூர் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் சுகப்பிரியா என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நாய் எங்க?"

"கொண்டு வரல மேடம். பட்டியல் கொண்டாந்திருக்கேன்."

அவர் பட்டியலை முழுவதும் படித்தார். ரேபிஸ் ஊசி எப்போது போட்டது என்ற கட்டம் அதில் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் முகாம் இருப்பதாகவும் அங்கே கட்டாயம் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அது பஸ்ஸ விரட்டலைங்க. வேலைக்குப் போகுது. ஓடுனா சம்பளம் வருதுல்ல? முதல்ல சம்பளத்த நிறுத்துங்க. ஆனா ஒண்ணு, நிறுத்துன உடனே ரெண்டு மூணு நாள் இன்னும் மோசமாத் துரத்தும். அப்ப பயந்து ஒரே ஒரு பிஸ்கட் போட்டாலும் போச்சு. இன்னும் தூரம் ஓடுனாத்தான் கிடைக்கும்னு கத்துக்கும்."

"ரெண்டு அடி போட்டா?"

"பஸ் வந்தா அடி விழும்னு பஸ் மேலதான் கோவம் ஏறும். கயித்துல பிடிச்சுத் தள்ளி நில்லுங்க. எவ்வளவு தூரத்துல நின்னா பஸ்ஸப் பாத்தும் குரைக்காம இருக்கோ, அங்கருந்து ஆரம்பிங்க. பாத்துட்டுச் சும்மா இருந்தா அந்த நொடியே நகத்தளவு ஈரல். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட. வீட்டுக்கு வந்ததும் வேற யாராவது எதாவது கொடுக்குறாங்களான்னும் பாருங்க."

கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிக் களைத்துத் திரும்பும் செவலைக்குப் பாப்பம்மாள் தினமும் ஒரு டம்ளர் பால் ஊற்றியிருக்கிறார்.

"நாக்கத் தொங்கப் போட்டுகினு வந்து நிக்குது. ஒரு வாய் ஊத்துனா இன்னா கொறஞ்சிடும்?"

"ஊத்துங்கம்மா. ஓடாத அன்னைக்கு ஊத்துங்க."

"ஓடாத அன்னிக்கு எதுக்குப் பாலு? அதான் ஓடவே இல்லியே!"

இதை விளக்க எனக்கு முக்கால் மணி நேரமானது. கடைசியில் ஒப்புக்கொண்டார். கயிற்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. "கட்னா அயுவும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பிஸ்கட் விழவில்லை. செவலை வளைவில் நிற்காமல் மெயின் ரோடுவரை வந்தது. பள்ளி வேன் ஒன்று பிரேக் அடித்தது. திருமலை கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நல்லா எயுதினியா லெட்டரு?" என்றார். சனிக்கிழமை இன்னும் மோசம். சந்திரலேகாவின் சன்னலுக்கு நேராக எகிறி எகிறிக் குரைத்தது. சன்னல் தகரத்தில் நகம் பட்ட சத்தம் கேட்டது. அவள் அழுதுகொண்டே பைக்குள் கையை விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பாக்கெட்டை வாங்கி, மிச்சமிருந்த பிஸ்கட் முழுவதையும் மெயின் ரோடு வருவதற்குள் தின்று முடித்தேன். வேறு பத்திரமான இடம் தோன்றவில்லை.

அன்று மாலை பாப்பம்மாள் கேட்காமலே கயிறு கொடுத்தார். வேன்காரர் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டாயிற்று. திங்கட்கிழமை நான் லீவு போட்டு, பாப்பம்மாளையும் செவலையையும் முனையிலிருந்து நூறு தப்படி தள்ளிப் புளியமரத்தடியில் நிற்க வைத்தேன். பேருந்து வந்தது. செவலை காதைத் தூக்கிப் பார்த்தது. "இப்ப!" என்றேன். பாப்பம்மாள் ஈரலை நீட்டினார். பேருந்து போன பிறகு, "பாத்ததுக்கு ஈரலா! எங்க ரகு பத்தாவது பாஸ் பண்ணதுக்குக்கூட நான் ஈரல் வாங்கல" என்றார்.

செவ்வாய் எண்பது தப்படி. புதன் அறுபது என்று திட்டம். பாப்பம்மாள் ஐம்பதில் நின்றுவிட்டார், செவலை குரைத்தது, வியாழன் மறுபடி எழுபதுக்குப் போனோம். இந்த நாட்களில் சந்திரலேகாவுக்கும் வேலை இருந்தது. செவலை கிட்ட வந்தால் ஓடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, கையைத் தொங்கவிட்டு மரம்போல் நிற்க வேண்டும். வெள்ளி மாலை கயிற்றோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினோம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். செவலை செருப்பை மோந்துவிட்டு, சுவாரசியமில்லாமல் திரும்பியது.

"போயிருச்சாண்ணே?"

"போயிருச்சு."

"பொய் சொல்லாதீக."

சனிக்கிழமை வந்தது. கயிறில்லாமல் காட்ட வேண்டும் என்பது திருமலையின் நிபந்தனை. நாள் போதாமல் வெள்ளிக்கிழமை ஒரேயடியாக இருபது தப்படிவரை வந்திருந்தோம், அதுவும் கயிற்றோடு. இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். அந்த வாரம் எங்களிடம் இல்லை.

ரகுபதி குட்டியானையைக் கிளம்பத் தயாராக நிறுத்தி, தோளில் தாம்புக்கயிறு போட்டுக்கொண்டு நின்றார். பாப்பம்மாள் செவலையுடன் இருபது தப்படியில் நின்றார். ஈரலைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அதைச் செவலை கவனித்தது, அதுவரைக்கும் நல்லது.

பேருந்து நின்றது. பதினொரு பேரும் ஏறினோம். சன்னல் முழுவதும் தலைகள். திருமலை வேண்டுமென்றே ஒரு ஹாரன் அடித்துவிட்டு நகர்த்தினார். செவலை எழுந்தது. மூன்று எட்டு எடுத்து வைத்தது. சந்திரலேகாவின் சன்னலைப் பார்த்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தாள். பாப்பம்மாள் கூப்பிடவில்லை, கூப்பிடக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். செவலை அங்கேயே நின்றது. பேருந்து அதைக் கடந்தது. பிறகு அது திரும்பிப் போய் ஈரலை வாங்கிக்கொண்டது.

வளைவில் திருமலை வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி, தயாராக வைத்திருந்த பதில் கடிதத்தை நீட்டினேன். அடியில் ஓட்டுநர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு அதற்கு மேல் தானாக ஒரு வரி எழுதினார்: "இன்று துரத்தவில்லை. நாளை தெரியாது." உண்மைதான் என்பதால் நான் அடிக்கச் சொல்லவில்லை.

பின்னால் நடந்து வந்த ரகுபதி தாளை வாங்கிப் படித்தார். "இன்னா இது? நாளிக்குத் தெரியாதுன்னா?"

"நாளிக்கு ஞாயித்துக்கெயம. பஸ்ஸே கெடையாது" என்றார் செவலையோடு பின்னாலேயே வந்திருந்த பாப்பம்மாள்.

"திங்கக்கெயம?"

"திங்கக்கெயம திங்கக்கெயம பாத்துக்கலாம்" என்றவர், மகனின் தோளிலிருந்த தாம்புக்கயிற்றை உருவிக்கொண்டார். "மாட்டுக்குக் கயிறு இத்துப் போச்சுன்னு பத்து நாளா சொல்றேன், இப்பதான் எடுத்தாந்தியா?"

செவலை அவருக்கு முன்னால் வீட்டைப் பார்க்க நடந்தது.