தர்ல்பி வீட்டுக் குருட்டு ஜன்னல்

தர்ல்பி வீட்டு முகப்பில், மேல்வரிசை ஜன்னல் ஐந்தில் ஒன்று குருடு. வளைவு உண்டு, கல்விளிம்பு உண்டு. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் செங்கல். அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டதால் அடைத்துவிட்டார்கள் என்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வோம். அதிகம் சொன்னது நான்தான்.

அதை நம்பித்தான் மாரிஸ் தர்ல்பி ஜன்னலைத் திறக்கக் கிளம்பினார். இடுப்பு ஒடிந்த அவர் மனைவி வின்னி, பத்து மாதமாகப் படுத்திருப்பது அந்தச் செங்கல்லுக்குப் பின்னால். ஆஸ்பத்திரிக் கட்டில் வேறெந்த அறை வாசலிலும் நுழையவில்லை. அங்கிருக்கும் ஒரே ஜன்னலில் தெரிவது என் வீட்டுக் கூரை. அதில் பார்க்க ஒன்றுமில்லை, நானே சொல்கிறேன். தெருவைப் பார்க்கவேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். நான் போய்ப் பேசலாமென்றால் என் முழங்கால் அந்த மாடிப்படிகளை ஏறாது.

புராதன வீடு என்பதால் செங்கல்லைத் தொடவும் அனுமதி வேண்டும். கவுன்சில் அதிகாரி ஹேசல்டன் வந்து, மாரிஸோடும் என்னோடும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது அடைச்ச ஜன்னல் இல்ல சார். சுவரோட சேர்த்தே பல்லு கோத்துக் கட்டியிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும்னு ஒரு ஒப்புக்கு."

"அப்போ வரி?"

"சும்மா கதை சார்."

மாரிஸ் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தெருவில் போகிறவன் கண்ணுக்கு அழகு. உள்ளே இருப்பவளுக்குச் சுவர். என்ன கட்டடக்கலையோ!

சந்தேகம் தீர இருவரும் மாடிக்குப் போய், உள்பக்கம் ஒரு செங்கல்லைப் பெயர்த்தார்கள். நான் கீழ் அறையில், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பின் அருகே உட்கார்ந்திருந்தேன்; அது அணைந்திருந்தது. மாரிஸ் இறங்கி வந்தார், முகமெல்லாம் கரி.

"பின்னால இந்தக் கணப்போட புகைபோக்கி, பெரில். திறக்கவே முடியாதாம். அவகிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?"

"விடுங்க. தெருவுல அப்படி என்ன இருக்கு? கசாப்புக்கடை க்ளிஃபர்ட் தலைக்குச் சாயம் அடிச்சிருக்கான், ஈரல் நிறத்துல."

"யாரு, க்ளிஃபர்டா?" என்றது கணப்பு. வின்னியின் குரல். "யாருக்காகடி?"

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு, தலையைக் கணப்புக்குள் நுழைத்தேன். "தபாலாபீஸ் மாவிஸுக்காக!"

"அவளுக்குக் கண்ணு தெரியாதே!"

"அம்மா, செங்கல்லை வைக்கணும்..." என்றார் மேலே ஹேசல்டன்.

"இருப்பா தம்பி. பெரில், மேல சொல்லு."

சட்டப்படி செங்கல் அன்றே திரும்ப வைக்கப்பட்டது. சாந்து பூசவில்லை, கையால் உருவலாம்; பூச நல்ல வெயில் வரவேண்டுமாம். "கணப்பு மட்டும் பத்தவைக்காதீங்க" என்று மாரிஸிடம் சொல்லிவிட்டு, ஹேசல்டன் என் பக்கம் குனிந்தார். "மாவிஸ் என்ன சொன்னாங்க?"