பத்து நொடி

பேச்சு வராத பிள்ளையிடம் கேள்வி கேட்டால் பத்து நொடியாவது காத்திருக்க வேண்டும். இதை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் நான். போகிற இடமெல்லாம் மற்ற ஆசிரியர்களுக்கு உபதேசம் வேறு.

நேற்று வகுப்பில் என் செல்ல மாணவியிடம், "இன்னைக்கு என்ன கிழமை கண்ணு?" என்றேன். பதிலைத் தொட்டுக் காட்ட, படங்கள் ஒட்டிய பலகையை நோக்கி அவள் விரல் மெல்ல நகர்ந்தது. நாலாவது நொடியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"வியாழன்தானே?" என்று நானே சொல்லிவிட்டேன்.

பின்வரிசையில் நேரம் குறித்துக்கொண்டிருந்த என் உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டாள்.

விரல் மட்டும் நிற்கவில்லை. முதலில் 'டீச்சர்' படத்தைத் தொட்டது. பிறகு, அவள் தவறும்போதெல்லாம் நான் காட்டுகிற படத்துக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்தது: 'பரவாயில்லை, மறுபடி முயற்சி பண்ணு.'