அம்பின் குதை

விரலில் சுற்றியிருந்த நூலை அறுப்பதா, அவிழ்ப்பதா என்று கமலவேணிக்குத் தெரியவில்லை.

நூலின் ஒரு பக்கம் கலியாணசுந்தரத்தின் சுட்டுவிரலில் இருந்தது. மறுபக்கம் அவர் மடியில் கிடந்த அம்பின் பின்முனையில் பாதிச் சுற்றாக நின்றது. சுவரில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, வேலைக்கு நடுவே கண்ணயர்ந்தவர் மாதிரி இருந்தார். பல மாதங்களாக அந்த வீட்டை உறங்கவிடாமல் இழுத்துக்கொண்டிருந்த இளைப்பு நின்றுபோயிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழாததால்தான் அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. இந்த நேரம் வரும்போது அலறுவோம், மார்பில் அடித்துக்கொள்வோம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தாள். முதலில் வந்தது ‘அப்பாடா’ என்ற நினைப்புதான். அதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லாததால் அதுவும் போய்விட்டது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பூங்காவனம்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“ஐயோ அக்கா! அழாம அப்படியே உக்காந்திருக்கீங்களே. நூல அறுத்துப் போடுங்க. கை விறைக்கிறதுக்குள்ள நீட்டிப் படுக்க வைக்கணும்.”

“அறுத்தா சுத்து அவிழ்ந்துரும்.”

“அவிழ்ந்தா என்னக்கா? இனிமே யாரு விடப்போறா அந்த அம்ப?”

கமலவேணி அவர் விரலிலிருந்து நூலை மெல்லக் கழற்றினாள். தொங்கிய முனையை அம்போடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முடிச்சுப் போட்டுவிடலாம்தான். ஆனால் அதில் முடிச்சு வரக்கூடாது, நூல் முனையைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும் என்பார் அவர். அந்த வித்தை அவருக்கும் அவர் தம்பிக்கும்தான் தெரியும். கமலவேணி ஒரு கையால் தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, நூல் நகராதபடி கவ்வ வைத்தாள். கூந்தல் சரிந்து முதுகில் விழுந்தது. அதைப் பார்த்ததும் பூங்காவனம் ஓவென்று அழத் தொடங்கினாள். அந்த அழுகையில்தான் தெருவுக்கே விஷயம் தெரிந்தது.

அன்று விஜயதசமி. காஜா பெராங் ஊரில் அந்தத் தெருக்கோடி அம்மன் கோயிலிலிருந்து சாயந்திரம் சாமி மரக்குதிரையில் புறப்படும். திடலுக்குப் போய், நாலு திசைக்கும் நாலு அம்பு விட்டு, ஐந்தாவதை வாழைமரத்தில் எய்யும். குருக்கள் கைதான் நாணை இழுக்கும் என்றாலும் எய்வது சாமிதான். அந்த அம்புகள் வருஷா வருஷம் இந்த வீட்டிலிருந்து போயின. கலியாணசுந்தரம் பஸ்களுக்கு மரக்கூடு கட்டும் பட்டறையில் ஆசாரி. அங்கே மிஞ்சும் மெராந்தி மரச் சட்டத்தைச் சீவி அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்து செய்வார்கள்.

எல்லாம் போன வருஷத்தோடு சரி.

அம்பின் பின்முனையில் நாண் வந்து உட்காருகிற பிளவுக்குக் குதை என்று பெயர். கமலவேணியைக் கேட்டால், அந்த இரண்டு ஆண்பிள்ளைகளின் ஒற்றுமை அந்தப் பிளவுக்குள் விழுந்து செத்தது என்றுதான் சொல்வாள். தம்பி மருதமுத்து, எப்போதும் போல மரத்திலேயே அறுத்து, கீழே நூல் சுற்றிவிடலாம் என்றான். மரத்தில் ஓடும் ரேகைக்குக் குறுக்கே அறுத்தால் எத்தனை இழுத்தாலும் மரம் பிளக்காது என்றான். அண்ணன் கேட்கவில்லை. துரைமார் கிளப்புக்கு ஏதோ மரவேலைக்குப் போன இடத்தில் அவர்களுடைய அம்புகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எருமைக் கொம்பில் கறுப்பாக, பளபளவென்று குதை வைத்திருந்தார்களாம். சாமி அம்பு அதைவிட மட்டமா என்று ஒரு கொம்புத் துண்டைத் தேடி வாங்கிவந்து, தம்பியைக் கொண்டே அறுத்து ஒட்ட வைத்தார்.

மழைக்காலம். பசை காயவில்லை. ஐந்தாவது அம்பைக் குருக்கள் இழுத்ததும் கொம்பு கழன்று தெறித்தது. அம்பு வாழைமரத்துக்குப் போகாமல் குதிரையின் காலடியில் பொத்தென்று விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ அபசகுனம் என்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் கலியாணசுந்தரம், “நான் வைக்கல, இவன்தான் வச்சான்” என்று தம்பியைக் கைகாட்டினார்.

மருதமுத்து அண்ணன் பக்கம் திரும்பினான். “இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். உன் சாவுக்கும் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். பத்து பெரெண்டாமில் விமானத் திடலில் புல் வெட்டும் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கமலவேணி கணவரிடம் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: “கொம்புன்னு சொன்னது நீங்கதானே?” அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நோய் வந்தது. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. தெருவெல்லாம் கொடி கட்டினார்கள். அவர் ஜன்னலோரம் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். தம்பி பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

கோயில்காரர் சேதுராமன் வந்தார். தோளில் புதுத் துண்டு. விசேஷத்துக்கு என்று போட்டிருப்பார், பாவம். கொஞ்ச நேரம் தலைமாட்டில் நின்றுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“தப்பா நெனைக்காதம்மா. அண்ணன் இங்க கெடக்கிற வரைக்கும் கோயில் நடை தெறக்க முடியாது. சாயந்திரம் சாமி பொறப்படணும். மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டா நல்லது.”

“எடுங்க. அவரு தம்பி வரட்டும்.”

“அவன் எங்கம்மா வருவான்? அன்னிக்குச் சொன்னது என் காதுலயே விழுந்துச்சே.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புள்ள இல்லாத வீடு. எங்க சொந்தத்துல ஒரு பையன் இருக்கான், நல்ல பையன். கொள்ளி வைக்கச் சொல்றேன்.”

கமலவேணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. “கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கிற மனுசனுக்கு ஊரான் கொள்ளி வைக்கவா? அவரு அனாதையா?” என்றாள். சேதுராமன் துண்டைச் சரிசெய்தார். அவர் பார்வை மூலையில் சாத்தியிருந்த அம்பின்மேல் விழுந்தது.

“இது எதுக்கும்மா? இந்த வருஷம் நாங்க அம்பு கேக்கலையே. வேற இடத்துல சொல்லிட்டோமே.”

“அவருக்கும் தெரியும்.”

தெரிந்துதான் செய்தார். யாரும் கேட்காத ஒற்றை அம்பு. சட்டத்தைச் சீவி முடிக்கவே பல நாளாயிற்று. சீவுவார், இளைப்பார், படுப்பார். பிறகு போன வருஷத்துக் கொம்பில் மிச்சமிருந்த துண்டைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து, அம்பின் பின்முனையில் வைத்துப் பார்த்தபடி ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் கொம்பை டப்பாவில் போட்டு மூடினார். முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ரேகையைத் தேடினார். பிறகு சின்ன ரம்பத்தை எடுத்து அதற்குக் குறுக்கே அறுத்தார். வேலை முடிந்ததும் துணிக்கொடிக் கயிற்றில் மாட்டிப் பார்த்தார். விடாமல் தொங்கியது. விரலால் ஒரு தட்டுத் தட்டினார், விழுந்தது. அன்றைக்கு மட்டும் ஒரு வாய் கஞ்சி கூடக் குடித்தார். யாருக்கு இந்த அம்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பார்.

எதிர்வீட்டு இப்ராஹீம் டாக்சி ஓட்டுபவர். தகவல் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“அக்கா, காடி வெளியே சடக்குலதான் நிக்குது. நான் போயி மருதமுத்துவக் கூட்டிட்டு வர்றேன். என்ன சொல்லட்டும்?”

என்ன சொல்வது? வா என்றால் வருகிறவனாக இருந்தால் இதற்குள் வந்திருப்பான். அவன் கேட்க வேண்டிய வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் வாயைக் கட்டியாகிவிட்டது. அவருக்காக அவள் சொன்னால் அவன் நம்பமாட்டான். அண்ணியின் நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வான். கமலவேணி எழுந்து மூலைக்குப் போய் அம்பை எடுத்துவந்தாள்.

“இதைக் குடுங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“செத்ததயாச்சும் சொல்லணும்லக்கா?”

“அத மட்டும் சொல்லுங்க. ஊசி நழுவாம பாத்துக்குங்க, தம்பி.”

இப்ராஹீம் அம்பைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு காத்திருப்பு. குளிப்பாட்டினார்கள். நெற்றியில் விபூதி பூசினார்கள். பசியாறாமல் வந்தவர்களுக்குப் பூங்காவனம் கோப்பி கலந்து கொடுத்தாள். வேலியில் கட்டியிருந்த மெர்டேக்காக் கொடி மழையில் சாயம் வெளுத்துத் தொங்கியது. துரைமாரில் பாதிப்பேர் கப்பலேறிவிட்டார்கள். கொம்பு வைத்த அம்புகளையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்களோ என்னவோ. இந்த வீட்டில் இருந்த ஒற்றுமையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் முகம்கூட அவளுக்குத் தெரியாது. யார்மேலாவது பழியைப் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

சேதுராமன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பாடை கட்டி முடித்தாகிவிட்டது. அவர் சொன்ன நல்ல பையன் ஈரவேட்டியோடு முருங்கைமரத்தடியில் வந்து நின்றான். கமலவேணி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னும் எவ்ளோ நேரம்மா?” என்றார் சேதுராமன். அவள் வாயைத் திறப்பதற்குள் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மருதமுத்து வேலைத்துணியோடு வந்திருந்தான். முழங்கால்வரை புல் ஒட்டியிருந்தது. வலதுகையில் அம்பை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலால் நூலை அழுத்தியிருந்தான். வாசலில் ஒரு கணம் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியேறி உள்ளே வந்தான்.

“ஊசி வழியிலயே விழுந்திருச்சு” என்றார் பின்னால் வந்த இப்ராஹீம். “கையெடுக்காம அப்படியே பிடிச்சிட்டு வந்தாரு.”

மருதமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“யாரு அறுத்தது அண்ணி, இந்தக் குதைய?”

“அவருதான்.”

“ரேகைக்குக் குறுக்கால அறுத்திருக்காரு.”

“ம்.”

“கொம்பு வைக்கல.”

“டப்பாவுல போட்டு மூடிட்டாரு.”

“வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, அண்ணி.”

“அவருக்கு வாய் எங்க இருந்துச்சு? எங்கிட்டயே ஒண்ணும் சொன்னதில்ல.”

மருதமுத்துவுக்குச் சிரிப்பு போல ஏதோ வந்தது. அது பாதியிலேயே உடைந்து, தோள்கள் குலுங்க அழுதான். அழும்போதும் கட்டைவிரலை எடுக்கவில்லை. சேதுராமன்கூடக் கொஞ்ச நேரம் கடிகாரத்தை மறந்திருந்தார்.

பிறகு வெளியே கொள்ளிச்சட்டி புகைந்தது. “நேரமாச்சு, தம்பி. தலைக்குத் தண்ணி ஊத்திக்க” என்று யாரோ அழைத்தார்கள். முருங்கைமரத்தடிப் பையன் வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மருதமுத்து எழுந்தான். சட்டியைத் தூக்கக் கை வேண்டும். அம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அண்ணியிடம் நீட்டினான்.

“கொஞ்சம் பிடிங்க அண்ணி. காடி குலுக்கல்ல முடிக்க முடியல. விட்டா அவிழ்ந்துரும். நான் வந்து முடிச்சிர்றேன்.”

அவன் விரல் இருந்த இடத்தில் அவள் தன் கட்டைவிரலை வைத்தாள். அது நூலை அழுத்தியதும் அவன் தன் விரலை எடுத்தான்.

தெருமுனை திரும்பும்வரை பாடை தெரிந்தது. அதற்கு மேல் பெண்கள் போகக்கூடாது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கோயில் பக்கத்தில் நடை திறக்கும் மணியும் அதைத் தொடர்ந்து மேளமும் கேட்டன. வீடு கழுவிய தண்ணீர் வாசலில் ஓடி, காலையில் போட்ட கோலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது.

பூங்காவனம் குடத்தோடு வந்து நின்றாள். “அக்கா, கொல்லைக்கு வாங்க. தலைக்கு ஊத்தணும். அதக் கீழ வைங்க.”

“நீ அப்படியே ஊத்து” என்றாள் கமலவேணி.

கிணற்றடியில் அவள் உட்கார்ந்தாள். பூங்காவனம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கமலவேணி வலதுகையை மட்டும் நனையாமல் தூரமாக நீட்டி வைத்திருந்தாள்.